100 டாலருக்குக் கிடைத்த ரஷ்யத் துப்பாக்கிகள் எங்கே போயின? பழைய கார்பைன் சந்தையும் அதன் அரசியலும்

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 100 டாலருக்கும் குறைவான விலையில் ஒரு ரஷ்ய ராணுவ ரைஃபிளை வாங்கிவிட முடிந்தது. கடையின் ஒரு மூலையில், மரப்பெட்டிக்குள், கிரீஸ் பூசி அடுக்கி வைத்திருப்பார்கள். பத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். இன்று அதே துப்பாக்கிக்குப் பல நூறு டாலர் கேட்கிறார்கள். கொஞ்சம் அரிதான கார்பைன் வகை என்றால் இன்னும் அதிகம்.

துப்பாக்கி மாறவில்லை. 1940-களில் செய்த அதே இரும்பு, அதே மரம்தான். அப்புறம் எப்படி விலை இவ்வளவு ஏறியது? ஒரு வல்லரசின் வீழ்ச்சி, பொருளாதாரத் தடைகள், உக்ரைன் போர், கனடா நாடாளுமன்றத்தில் நடந்த சண்டை என்று பல விஷயங்கள் இதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கார்பைன்னா என்ன?

ரைஃபிளின் குட்டை வடிவம்தான் கார்பைன். குதிரைப்படை, பீரங்கிப் படை, தகவல் தொடர்புப் பிரிவு, வண்டி ஓட்டுநர்கள் போன்றவர்களுக்கு நீளத் துப்பாக்கி இடைஞ்சல். அவர்களுக்காகவே குழலைக் குறைத்துச் செய்தார்கள்.

ரஷ்யக் கார்பைன்களில் பெரும்பாலானவை மோசின்-நகான்ட் குடும்பத்தைச் சேர்ந்தவை. ரஷ்ய அதிகாரி செர்கேய் மோசின், பெல்ஜியத்தின் லியோன் நகான்ட் ஆகிய இருவரின் வடிவமைப்புக் கூறுகளும் கலந்து, 1891-ல் ஜார் ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இது. எல்லா வகைகளையும் சேர்த்தால் சுமார் 3.7 கோடி தயாரிக்கப்பட்டிருக்கும் என்று சொல்லப்படுகிறது. ஒரு தடவைக்கு 5 தோட்டா. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் திருப்பி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ள வேண்டும்.

இதில் 91/30 என்ற நீள ரைஃபிள் 123 சென்டிமீட்டர் நீளம். 1939 முதல் 1945 வரை தயாரான எம்38 கார்பைன் சுமார் 102 சென்டிமீட்டர்தான். அதற்கு அடுத்து வந்தது எம்44. இதில் பயனெட் (துப்பாக்கி முனையில் குத்துவதற்காக உள்ள கத்தி) தனியாகக் கழற்றி வைக்கும் பொருள் இல்லை. குழலோடு நிரந்தரமாக இணைத்து, பக்கவாட்டில் மடக்கி வைக்கும்படி செய்திருந்தார்கள். போருக்குப் பின் போலந்து, ஹங்கேரி, ருமேனியா நாடுகளும் எம்44-ஐத் தயாரித்தன. சீனா 'டைப் 53' என்ற பெயரில் செய்தது.

இன்னொன்று எஸ்.கே.எஸ். செர்கேய் சிமோனவ் வடிவமைத்த இந்தக் கார்பைன் 1940-களின் கடைசியில் சோவியத் ராணுவத்துக்கு வந்தது. 10 தோட்டா கொள்ளும். இங்கே போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டியதில்லை. விசையை அழுத்த அழுத்தச் சுடும். இந்த ஒரு வித்தியாசம் பிற்பாடு பெரிய பிரச்சினையாக மாறியது. அதைக் கீழே பார்க்கலாம்.

அவ்வளவு மலிவா எப்படிக் கிடைச்சது?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் அரசு இந்தத் துப்பாக்கிகளைத் தூக்கி எறியவில்லை. படைக்கலச் சாலைகளுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தது. உடைந்த மரக்கட்டைக்குப் பதில் வேறு கட்டை, தேய்ந்த போல்ட்டுக்குப் பதில் வேறு போல்ட். பிறகு கிரீஸ் பூசிப் பெட்டியில் அடைத்து, அடுத்த போர் வந்தால் உதவும் என்று கிடங்கில் வைத்தது. அந்தப் போர் வரவில்லை. 1991-ல் சோவியத் யூனியனே கலைந்துபோனது. ரஷ்யா, உக்ரைன் போன்ற புதிய நாடுகளின் கையில் மலைமலையாகப் பழைய துப்பாக்கி. கஜானாவில் பணம் இல்லை. விற்க ஆரம்பித்தார்கள்.

வாங்க அமெரிக்கா தயாராக இருந்தது. அதற்கும் ஒரு சட்டப் பின்னணி உண்டு. 1963-ல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, இத்தாலிய ராணுவத்தின் உபரிச் சரக்கு. தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர் விலையில் தபால் மூலம் வாங்கப்பட்டது. அடுத்தடுத்து நடந்த அரசியல் கொலைகளுக்குப் பிறகு வந்த 1968-ம் ஆண்டுச் சட்டம், தபால் விற்பனையைக் கட்டுப்படுத்தியதோடு வெளிநாட்டு ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. 1984-ல் ஒரு திருத்தம் வந்து, சேகரிப்புத் தகுதி பெற்ற பழைய ராணுவ ரைஃபிள்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது.

பொதுவாக 50 ஆண்டு கடந்த, மாற்றம் செய்யப்படாத துப்பாக்கி இந்தத் தகுதிக்குள் வரும். சேகரிப்பாளர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு; 3 ஆண்டுக்கு 30 டாலர். அது இருந்தால் வேறு மாநிலத்திலிருந்துகூடத் துப்பாக்கியை நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். வரத்து ஏராளம், விலை மலிவு, சட்டமும் அனுமதித்தது. ஸ்டாலின்கிராட் போரைச் சொல்லும் 'எனிமி அட் தி கேட்ஸ்' படம் 2001-ல் வெளிவந்து, மோசினுக்கு ஒரு சினிமாப் புகழையும் கொடுத்தது.

சேகரிக்கிறவங்க எதைப் பார்க்கிறாங்க?

வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே துப்பாக்கிதான். சேகரிப்பவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஆவணம்.

குழலில் அடித்திருக்கும் முத்திரைதான் முதல் தடயம். நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் தூலா ஆலை. முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். கட்டத்துக்குள் 'எஸ்.ஏ.' என்ற எழுத்துகள் இருந்தால் அது பின்லாந்து ராணுவத்தின் கைக்குப் போன துப்பாக்கி. அமெரிக்காவின் ரெமிங்டன், வெஸ்டிங்ஹவுஸ் முத்திரைகளும் கிடைக்கும். முதல் உலகப் போரில் ஜார் அரசு கொடுத்த ஆர்டர் அது. 1917 புரட்சியால் சரக்கில் ஒரு பகுதி ரஷ்யாவுக்குப் போகாமலே நின்றுபோனது.

அடுத்தது எண்கள். குழல், போல்ட், தோட்டா அறையின் அடித்தட்டு, கட்டையின் பின்தகடு ஆகியவற்றில் ஒரே எண் இருக்க வேண்டும். பழுது பார்த்த துப்பாக்கிகளில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணைப் பொறித்திருப்பார்கள். அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் துப்பாக்கி அல்ல, விலை குறையும். சதுரத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட சின்னம், பழுது பார்த்ததற்கான அடையாளம். அமெரிக்கச் சட்டப்படி இறக்குமதியாளர் தன் பெயரையும் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும். அந்தப் பொறிப்பு இல்லாத பழைய துப்பாக்கிக்குத் தனி மவுசு.

விலை ஏறினால் போலியும் வரும். சாதாரண 91/30-ல் தொலைநோக்கி பொருத்தி 'ஸ்னைப்பர் ரைஃபிள்' என்று விற்பது பழைய கதை. 100 டாலர் காலத்தில் பலர் கட்டையை வெட்டி பிளாஸ்டிக் மாட்டினார்கள், புதிதாகத் துளை போட்டார்கள். அப்போது அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. இன்று அந்தத் துப்பாக்கிகளுக்குச் சேகரிப்பு மதிப்பு ஏறக்குறைய இல்லை.

சுட்டுப் பார்த்தா என்ன ஆகும்?

கண்ணாடி அலமாரியில் வைக்க மட்டும் இதை யாரும் வாங்குவதில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுட்டும் பார்ப்பார்கள். கார்பைன் அங்கேதான் தன் குணத்தைக் காட்டும்.

தோட்டா அதே பெரிய ரைஃபிள் தோட்டா. குழல் மட்டும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் குறைவு. வெடிமருந்து குழலுக்குள் முழுவதும் எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே வந்துவிடும். மிச்சம் வாயில் நெருப்புப் பந்தாக வெளிப்படும். சத்தம் காதைப் பிளக்கும், பின்தகடு இரும்பு என்பதால் தோளில் உதை பலமாக விழும். எம்44-ல் பயனெட்டை விரித்து வைத்துச் சுட்டால் குண்டு ஓரிடத்தில் படும், மடக்கி வைத்தால் இன்னோரிடத்தில் படும்.

இன்னொரு சிக்கல் பழைய ராணுவத் தோட்டா. தகர டப்பாவில் 440 தோட்டாவாக அடைத்து வரும். திறக்கவே தனிச் சாவி வேண்டும். இந்தத் தோட்டாக்களின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது எரிந்த பிறகு பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படியும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரப்பதமான ஊர் என்றால் அடுத்த நாளே துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். எண்ணெய் போட்டால் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, பிறகுதான் எண்ணெய். கண்ணாடி துடைக்கும் திரவத்தில் உள்ள அமோனியா உப்பைப் போக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் வேலை செய்வது அதிலிருக்கும் தண்ணீர்தான்.

பல தோட்டாக்களில் குண்டுக்குள் எஃகு மையம் இருக்கும். இரும்பு இலக்குகளைச் சேதப்படுத்தும், தீப்பொறி கிளப்பிக் காய்ந்த புல்லில் நெருப்புப் பிடிக்க வைக்கும் என்பதால், காந்தம் ஒட்டுகிற குண்டுகளைப் பல துப்பாக்கிப் பயிற்சிக் களங்கள் உள்ளேயே விடுவதில்லை. 70, 80 வயதான துப்பாக்கி என்பதால் சுடுவதற்கு முன்பு, போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி சரியாக இருக்கிறதா, குழல் எங்காவது வீங்கியிருக்கிறதா என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது அவசியம்.

வரத்து எப்படி நின்னுச்சு?

ஒரே நாளில் நிற்கவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாக மூடின.

1994: சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதியை அமெரிக்கா தடை செய்தது. மலிவான சீன எஸ்.கே.எஸ் வரத்து அடங்கியது.

1996: ரஷ்யாவோடு ஒரு ஒப்பந்தம். எந்தெந்த ரஷ்யத் துப்பாக்கி வகைகள் அமெரிக்காவுக்கு வரலாம் என்று பட்டியல் போட்டார்கள். மோசின் தொடர்ந்து வந்தது.

2014: கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டது. அந்த ஆண்டு ஜூலையில் கலாஷ்னிகவ் நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்தது.

2021: ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைக்கப்பட்ட விவகாரத்தில் அமெரிக்கா புதிய தடைகளை அறிவித்தது. ரஷ்யத் துப்பாக்கிகள், தோட்டாக்களுக்குப் புதிதாக இறக்குமதி அனுமதி தரப்படாது என்பது அதில் ஒன்று. செப்டம்பர் 7 முதல் அமலானது.

2022: உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் போர் தொடுத்தது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு எளிய உண்மையும் இருக்கிறது. எம்38, எம்44 எல்லாம் இனி யாரும் தயாரிக்கப்போவதில்லை. கிடங்கில் இருந்தது எவ்வளவோ, அவ்வளவுதான். அந்தக் கிடங்குகளில் கணிசமான பகுதி ஏற்கெனவே காலி. தோட்டாவுக்கு மட்டும் மாற்று உண்டு. செர்பியா, செக் குடியரசு நாட்டு நிறுவனங்கள் துருப் பிடிக்க வைக்காத புதுத் தோட்டாக்களை விற்கின்றன. ஆனால், பழைய டப்பாத் தோட்டாவின் விலையில் அது கிடைக்காது.

பழசு மறுபடியும் போருக்குப் போச்சா?

ஆமாம். 2022-ல் கிழக்கு உக்ரைனின் தோனெட்ஸ்க் பகுதியில், ரஷ்ய ஆதரவுப் படைகளில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் கையில் மோசின் ரைஃபிள்களோடு நிற்கும் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. ஒரு பக்கம் அமெரிக்காவில் சேகரிப்பாளர் ஒருவர் பத்திரமாகத் துடைத்து வைக்கும் துப்பாக்கி, இன்னொரு பக்கம் போதிய பயிற்சி இல்லாத ஓர் இளைஞனின் கையில். முதலாமவருக்கு அது வரலாறு. இரண்டாமவருக்கு, எதிரே நவீன ஆயுதத்தோடு நிற்பவரிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இருக்கும் ஒரே பொருள்.

துப்பாக்கியைவிடத் தோட்டாவின் ஆயுசு இன்னும் கெட்டி. 1891-ல் இந்த ரைஃபிளுக்காகச் செய்த 7.62×54 ஆர் தோட்டா இன்றும் ராணுவப் பயன்பாட்டில் இருக்கிறது. டிராகுனவ் ஸ்னைப்பர் ரைஃபிளும் பி.கே. ரக இயந்திரத் துப்பாக்கிகளும் சுடுவது இதைத்தான். சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் தயாராகும் டி-90 டாங்கியில், பெரிய பீரங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் இதே தோட்டாதான். ஜார் காலத்துத் தோட்டா எங்கோ அருங்காட்சியகத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பக்கத்திலும் அது வேலையில்தான் இருக்கிறது.

சட்டம் எங்க கோடு போடுது?

'இது பழைய பொருள், யாருக்கு என்ன ஆபத்து?' என்பது சேகரிப்பாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பல நாட்டுச் சட்டங்கள் வயதைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. துப்பாக்கி எப்படி இயங்குகிறது என்பதைத்தான் பார்க்கின்றன.

பிரிட்டனில் 1987-ல் ஹங்கர்ஃபோர்டு துப்பாக்கிச் சூடு நடந்தது. மறு ஆண்டே, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பெரிய ரக ரைஃபிள்களைப் பொதுமக்கள் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. எஸ்.கே.எஸ் அதில் போனது. கையால் போல்ட் இழுக்கும் மோசினை, உரிய சான்றிதழ் இருந்தால் இன்றும் வைத்துக்கொள்ளலாம். 1996-ல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு ஆஸ்திரேலியாவும், 2019-ல் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு நியூசிலாந்தும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போட்டன.

அதாவது, ஒரே நாட்டின் ஆலைகளில், சில வருட இடைவெளியில் தயாரான இரண்டு கார்பைன்கள். ஒன்று பிழைத்தது, மற்றொன்று மாட்டிக்கொண்டது. காரணம், 10 நொடியில் எத்தனை முறை சுட முடியும் என்ற கணக்கு.

கனடாவுல என்ன சண்டை?

இந்தக் கேள்வி இன்னும் தீராமல் இருக்கும் நாடு கனடா. அங்கே எஸ்.கே.எஸ் விலை குறைந்த வேட்டைத் துப்பாக்கி. குறிப்பாகப் பூர்வகுடிச் சமூகங்களில், வடக்குப் பகுதிகளில், மான் வேட்டைக்குப் பலர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். இதுபோன்ற ரைஃபிள்களில் 5 தோட்டாவுக்கு மேல் போடக்கூடாது என்பது அங்கே விதி.

2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா படுகொலை நடந்தது. அடுத்த மாதமே சுமார் 1,500 துப்பாக்கி வகைகளை அரசு தடை செய்தது. எஸ்.கே.எஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 2022 நவம்பரில், சி-21 மசோதாவில் ஒரு திருத்தமாக எஸ்.கே.எஸ்ஸையும் சேர்க்க முயன்றது. வேட்டைக்காரர்களும் பூர்வகுடித் தலைவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் அரசு திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் தடைப் பட்டியல் நீண்டபோதும் எஸ்.கே.எஸ் சேர்க்கப்படவில்லை.

மறுபக்கத்து வாதத்தையும் லேசாக ஒதுக்க முடியாது. 2022 அக்டோபரில் ஒன்டாரியோவின் இனிஸ்ஃபில் நகரில் இரண்டு போலீஸ் அதிகாரிகளைக் கொன்றது ஒரு எஸ்.கே.எஸ். அதற்கு முன், 2017-ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் பேஸ்பால் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவர்கள் மீது நடந்த தாக்குதலிலும் எஸ்.கே.எஸ் பயன்பட்டது. தடை கேட்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். தடை வேண்டாம் என்பவர்கள், வேட்டையாடிச் சாப்பிடும் குடும்பத்தின் துப்பாக்கியைப் பிடுங்கினால் மாற்றுத் துப்பாக்கிக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்பிலும் இழப்பு நிஜமானது. அதனால்தான் அரசு முன்னேயும் போக முடியாமல், பின்னேயும் வர முடியாமல் நிற்கிறது.

இனி என்ன?

மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, அமெரிக்கத் தடைகள். ரஷ்யாவோடு உறவு சீராகித் தடைகள் விலகினால் மலிவான தோட்டா மறுபடி வரலாம். ஆனால், 100 டாலர் மோசின் திரும்ப வரும் என்று எதிர்பார்க்க முடியாது. விற்க வேண்டிய அவசரத்தில் இருந்த 1990-களின் கிடங்குகள் இன்று அப்படியே இல்லை.

இரண்டு, கனடாவின் முடிவு. ராணுவத்துக்காகச் செய்து வேட்டைக்குப் பழகிப்போன ஒரு துப்பாக்கியை அரசு எப்படி வகைப்படுத்துகிறது என்பதை மற்ற நாடுகளும் கவனிக்கும்.

மூன்று, சேகரிப்பாளர்களுக்கு உள்ளேயே நடக்கும் விவாதம். எண்ணிக்கையில் கோடிகளில் இருந்தபோது, சுட்டுத் தேய்ந்தால் என்ன என்று யாரும் கவலைப்படவில்லை. இப்போது ஒவ்வொரு முறை சுடும்போதும் ஓர் ஆவணத்தின் ஆயுசு கொஞ்சம் குறைகிறது. சுடாமல் பூட்டி வைத்தாலோ, அது எதற்காகச் செய்யப்பட்டது, எவ்வளவு உதைக்கும், அந்த உதையை வாங்கிக்கொண்டு நின்ற சிப்பாய்களின் பாடு என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

எந்தப் பக்கம் போனாலும் ஒன்றை மறக்க முடியாது. கென்னடி காலத்து 19.95 டாலர் துப்பாக்கியிலிருந்து தோனெட்ஸ்க் வரை, பழசு என்ற காரணத்துக்காக எந்த ஆயுதமும் பொம்மையாகிவிடவில்லை. தோட்டா கிடைக்கும்வரை மோசினும் எஸ்.கே.எஸ்ஸும் சுடும். சட்டமும் சந்தையும் சேகரிப்பாளரும் கணக்குப் போட வேண்டியது அதை வைத்துத்தான்.